அரவிந்தரின் தங்கை

சரோஜினி என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நினைவிலே எழுபவர் கவியரசி சரோஜினி நாயுடு அம்மையாரே. அவர் வங்கக் குடும்பத்திலே பிறந்தவர். அவருடைய தம்பியருள் ஒருவர் புரட்சிவாதி, மற்றொருவர் கவிஞர். இன்றைய பேச்சிற்குரிய சரோஜினி அவரல்லர். இவரும் வங்கத்துப் பெண்மணியே. இவருக்கும் புரட்சிவாதியான தம்பி ஒருவர் இருந்தார். கவிஞரான தமையன் ஒருவர் இருந்தார். அவற்றிற்கு மேலாக, உலகம் மகாயோகியென்று போற்றும் மற்றொரு தமையனும் இருந்தார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றிலே சுவரில் விளங்கும் ஸ்ரீ அரவிந்தரின் படத்தை நேயர்கள் கண்டிருப்பர். அப்படத்திலுள்ளவருக்கு உடன்பிறந்த தங்கை ஒருத்தி இருந்தாள் என்பதை அறிந்தோர் மிகச் சிலர். அவர் பெயரே சரோஜினி கோஷ்.

நம் சைவ மரபிலே தமக்கையை மறவாத வரலாறு ஒன்று உண்டு. திருநாவுக்கரசரைப் பாடவந்த சேக்கிழார், திலகவதியாரை முதலிலே நம் கண்முன் நிறுத்துகின்றார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரிலே மாய்ந்தபோது உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. சேக்கிழாருக்கு இருந்த அந்தக் கண், இக்காலத்துச் சரித்திர ஆசிரியர் பலருக்கு வாய்க்கவில்லை. அரவிந்தரின் வாழ்க்கையை விரித்தெழுதிய பெருநூல்களிலே சரோஜினி வருமிடங்களை எல்லாம் திரட்டினால் ஒரு சில பக்கங்களே தேறும். அந்தப் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது சிதறுண்ட ஒரு குடும்பத்தின் கதை தெளிவாகத் தெரிகின்றது.

குடும்பத் தலைவர் கிருஷ்ணதன கோஷ் என்னும் வைத்தியர். ஸ்கொத்லாந்து தேசத்து அபர்தீன் சர்வகலாசாலையிலே வைத்தியப் பட்டம் பெற்றுத் திரும்பியவர்; வங்கத்திலே ரங்கப்பூர், குல்னா ஆகிய இடங்களிலே அரசாங்க வைத்தியராகக் கடமையாற்றியவர். ஏழைகளுக்கு இரங்கிக் கைப்பொருளை வாரி வழங்கியவர் என்று அவ்வூர்கள் அவரைக் கொண்டாடின. ஆயினும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தம் மக்கள் முற்றும் ஆங்கிலேயராகவே வளரவேண்டும். தாய்மொழியின் வாசனையும் தாய்நாட்டின் வழக்கமும் அவர்களைத் தீண்டலாகாது என்பதே அது. அவர் மணந்த சுவர்ணலதாவோ, பிரம சமாசத்தின் பெரியாரும் தேசாபிமானத்தின் முன்னோடியுமான ராஜநாராயண போஸின் மூத்த மகள். மணம் நிகழ்ந்தபோது அப்பெண்ணுக்கு வயது 12. பின்னர் ரங்கப்பூரின் ரோஜா என்று ஊரார் சொல்லுமளவு அழகு வாய்ந்தவராய் விளங்கினார் என்பர். ஆனால் அந்த அம்மையாரின் மனத்தை ஒரு நோய் மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டிருந்தது.

1879ஆம் ஆண்டிலே வைத்தியர் தம் மனைவியையும் மக்களையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பினயபூஷணர், மன்மோகனர், அரவிந்தர் என்னும் மூன்று புதல்வரையும் மான்செஸ்டர் நகரிலே ஒரு பாதிரியார் வீட்டில் ஒப்படைத்தார். அப்போது அரவிந்தருக்கு வயது 7. சரோஜினி தாயின் கையைப் பற்றி நடக்கும் சிறு குழந்தை. தந்தையார் உத்தியோகத்தை நோக்கித் திரும்பிவிட, கருவுற்றிருந்த தாய் சிறுமியுடன் இலண்டனிலே தங்கினார். 1880 சனவரி 5ஆம் திகதி அங்கே கடைசி மகன் பிறந்தான். அவனே பின்னாளில் வெடிகுண்டு வழக்கிலே பெயர் பெற்ற பாரீந்திரகுமார கோஷ். கைக்குழந்தையுடனும் சிறுமியுடனும் தாய் இந்தியாவுக்கு மீண்டார். மூத்தவர் மூவரும் கடலுக்கு அப்பால். இளையவர் இருவரும் கடலுக்கு இப்பால். அன்று இரண்டாய்ப் பிரிந்த அக்குடும்பம் பின்னர் ஒருநாளும் ஒரு கூரையின் கீழ் முழுமையாகக் கூடியதில்லை.

தாயின் நோய் முற்றியது. கணவனும் மனைவியும் பிரிந்து வாழலாயினர். தேவகர் என்னும் வைத்தியநாதத் தலத்தை அடுத்த ரோகிணி என்ற சிற்றூரிலே ஒரு வீட்டில் சுவர்ணலதா தனியே வசித்தார். அந்த வீட்டிலேதான் சரோஜினியும் பாரீந்திரரும் வளர்ந்தனர். பள்ளியில்லை, தோழரில்லை. தாயின் மனம் எந்த வேளையில் எவ்வாறு திரும்பும் என்பதை அறியாது அஞ்சி நடுங்கிய நாட்களைப் பாரீந்திரர் தமது சுயசரிதையிலே எழுதியிருக்கின்றார். ஒருகணம் தானே சிரித்துக்கொண்டிருக்கும் தாய், மறுகணம் கோபாவேசங்கொண்டு பிள்ளைகளை அடிப்பார். அடி விழும்போது தம்பிக்கு அடைக்கலம் அக்கா, அக்காவுக்குத் தம்பி. மகனை இங்கிலாந்திலே மேன்மக்களுடன் படிக்க வைத்த ஒரு வைத்தியரின் மகள், எழுத்தறிவின்றி அந்த வீட்டு முற்றத்திலே அலைந்தாள் என்பதை எண்ணும்போது, அத்தந்தையின் தாராள மனத்தைப் புகழ்வதற்குச் சற்றுத் தயக்கம் உண்டாகத்தான் செய்கின்றது.

பின்னர் தந்தையார் முதலிலே மகளை அழைத்துக்கொண்டார். தாய் மகனை விட்டுக்கொடுக்க இணங்காமையால், ஆட்களை அனுப்பித் தந்திரமாக அவனையும் தூக்கிவரச் செய்தார். கல்கத்தாவிலே தந்தையாரின் இரண்டாவது இல்லத்திலே சில ஆண்டுகள் அவ்விரு குழந்தைகளும் அன்பையும் அமைதியையும் கண்டனர். அதுவும் நீடிக்கவில்லை. அரவிந்தர் ஏறிவந்த கப்பல் போர்த்துக்கல் கரையருகே மூழ்கியதென்று 1892ஆம் ஆண்டிலே ஒரு பொய்ச்செய்தி வந்தது. உண்மையில் அரவிந்தர் அக்கப்பலில் ஏறவேயில்லை. ஆனால் அச்செய்தியின் அதிர்ச்சியினாலே தந்தையார் மகனின் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிர் நீத்தார். இளையவர் இருவரும் மறுபடியும் தேவகருக்கு, பாட்டனார் ராஜநாராயண போஸின் இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர்.

1893 பெப்ரவரியிலே அரவிந்தர் தாயகம் திரும்பிப் பரோடா மன்னரின் சேவையில் அமர்ந்தார். 14 ஆண்டுகள் அன்னிய நாட்டிலே கழிந்திருந்தன. கிரேக்கமும் இலத்தீனும் அறிந்த அவருக்கு வங்காளி பேச வராது. மறுவருடம் தேவகருக்கு வந்தபோது பெற்ற தாய் அவரை அடையாளம் காணவில்லை. தன் அரவிந்தன் சின்னஞ்சிறுவனாயிற்றே என்றாராம். அச்சிறுவனின் விரலிலே கண்ணாடி வெட்டிய தழும்பு ஒன்று இருந்ததென்று அவர் நினைவுகூர, விரலைக் காட்டிய பின்னரே மகன் என்று ஏற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். தங்கைக்கோ தழும்பைக் காட்டும் நினைவுமில்லை. நடை பழகும் வயதிலே பிரிந்த தமையனை, வளர்ந்த குமரியாக அவர் முதன்முதலிற் கண்டார் என்றே சொல்லவேண்டும்.

அந்தச் சந்திப்பிலே என்ன நேர்ந்தது என்பதை, 1894 ஆகஸ்ட் 25ஆம் திகதி பரோடாவிலிருந்து அரவிந்தர் தங்கைக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம் காட்டுகின்றது. யோகியென்றும் தத்துவஞானியென்றும் மட்டுமே அவரை அறிந்தவர்கள் அக்கடிதத்தை வாசித்தால் வியப்பர். பூசை விடுமுறைக்கு வர வசதியில்லை, வந்ததே பெரிய பிழையாயிற்று என்று குறைப்பட்டுக்கொள்கின்றார். காரணம் சொல்வதற்கு யூதாசின் கதை ஒன்றை எடுத்தாளுகின்றார். நரகத்தில் எரியும் யூதாசுக்கு, அவன் செய்த ஒரே ஒரு நற்செயலுக்காக, ஆண்டுக்கொருமுறை கிறிஸ்துமஸ் நாளிலே ஒரு மணி நேரம் பனிமலைமீது அமர்ந்து குளிர அனுமதி கிடைக்குமாம். அது கருணையன்று, கொடுமையின் நுட்பம் என்கிறார் அரவிந்தர். குளிர்ந்துவிட்டுத் திரும்புபவனுக்கு நரகம் பன்மடங்கு நரகமாகத் தோன்றாதா? அதுபோலத் தங்கையோடு தங்கியிருந்துவிட்டு வந்தபின் பரோடா தமக்கு நூறு மடங்கு பரோடாவாகிவிட்டது என்று முடிக்கின்றார். தங்கை ஆங்கிலத்திலே முன்னேறியிருப்பதைப் பாராட்டி, இன்னும் விரைவாகக் கற்றுக்கொண்டால் மனத்திலுள்ளதை மனம்போல எழுத இயலும் என்றும் சொல்கிறார். ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே பொதுமொழி இல்லை. அவர்களை இணைக்கும் பாலமாக அன்னிய மொழியொன்று தேவைப்படுகின்றது! தந்தையாரின் பிடிவாதம் விளைத்த பயன் அது.

வாய்ச்சொல்லோடு நின்றவரல்லர் அரவிந்தர். தாயின் செலவுக்கும் தங்கையின் படிப்புக்கும் மாதந்தோறும் பணம் அனுப்பியவர் அவரே. பாட்னாவை அடுத்த பாங்கிப்பூரிலே சரோஜினி கல்வி பயின்றது அப்பணத்தைக் கொண்டுதான். தமையன்மார் இருவர் இருக்க நீர் ஒருவரே ஏன் சுமக்கின்றீர் என்று ஒருவர் கேட்டபோது, மூத்தவர் கூச்பிஹார் மன்னரிடம் உத்தியோகம் பார்ப்பதால் அந்தஸ்துக்கேற்ப வாழவேண்டியிருக்கிறது. இரண்டாமவர் மணஞ்செய்துகொண்டார், மணம் என்பது செலவு மிக்க ஆடம்பரம் என்று நகைச்சுவையாக மறுமொழி கூறினாராம். அந்த இரண்டாமவரே கவிஞர் மன்மோகன கோஷ். ஆங்கிலத்திலே நயமான கவிதைகள் புனைந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியிலே பேராசிரியராய் விளங்கியவர். 1924ஆம் ஆண்டிலே காலமானவர். தம்பியரின் அரசியலிலிருந்து அவர் விலகியே வாழ்ந்தார்.

1901ஆம் ஆண்டிலே அரவிந்தர் மிருணாளினி தேவியை மணந்தார். மணமகளுக்கு வயது 14. மணமான சில வாரங்களில் தம்பதியர் நைனிடால் மலைக்குச் சென்றபோதும், அங்கிருந்து பரோடாவுக்கு மீண்டபோதும் சரோஜினி உடனிருந்தார். ரோகிணியில் அச்சத்தோடு வளர்ந்த பெண்ணுக்கு, தமையனும் அண்ணியும் தாமுமாக ஒரு வீடு வாய்த்தது. பாட்னாவிலே தேநீர்க்கடை வைத்து நட்டப்பட்ட பாரீந்திரரும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார். வங்கப் பிரிவினையின் கிளர்ச்சி மூண்டதும் 1906ஆம் ஆண்டிலே அரவிந்தர் பரோடாவை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். தேசியக் கல்லூரியின் தலைவரானார். வந்தேமாதரம் பத்திரிகையிலே எழுதலானார். தம்பியோ மாணிக்தலாவிலே குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு தோட்டத்தில் இளைஞரைச் சேர்த்து வெடிகுண்டு செய்யும் இரகசிய வேலையில் இறங்கினார்.

1908 ஏப்ரில் 30ஆம் திகதி இரவு முசபர்ப்பூரிலே ஒரு வண்டிமீது குண்டு வீசப்பட்டது. குறி வைக்கப்பட்ட நீதிபதி தப்பினார். வேறொரு வண்டியிலே வந்த ஆங்கிலப் பெண்மணிகள் இருவர் மாண்டனர். மே 2ஆம் திகதி விடியுமுன்னே பொலிஸார் கல்கத்தாவிலே பல இடங்களைச் சூழ்ந்தனர். அவற்றுள் ஒன்று கிரே வீதி 48ஆம் இலக்க வீடு. அரவிந்தர் அங்கே தரையிலே உறங்கிக்கொண்டிருந்தார். அதிகாலை ஐந்து மணியளவிலே பதறியோடிவந்து பெயர் சொல்லி அவரை எழுப்பியவர் சரோஜினி. எழுந்த மறுகணமே அச்சிறு அறை ஆயுதந்தாங்கிய பொலிஸாரால் நிறைந்தது. தங்கையின் மார்புக்கு நேரே வெள்ளைக்கார வீரன் ஒருவன் கைத்துப்பாக்கியை நீட்டினான் என்று பின்னர் கேள்விப்பட்டதாக, தமது சிறை அனுபவத்தைப் பற்றி வங்காளத்தில் எழுதிய நூலிலே அரவிந்தர் குறிப்பிடுகின்றார். அந்நூலை அவர் எழுதிய பாங்கே ஒரு தனிச் சுவை. கற்றறிந்த நீர் இப்படி வெறுந்தரையிலே படுப்பது வெட்கமில்லையா என்று கேட்ட பொலிஸ் அதிகாரியையும், தட்சிணேசுவரத்துப் புனித மண் இருந்த சிறு பெட்டியை வெடிமருந்தோ என்று ஐயுற்று நோக்கிய மற்றொருவரையும் ஏளனப் புன்னகையோடு அவர் வருணிக்கிறார். ஆனால் அன்று அவ்வீட்டில் இருந்த பெண்களுக்கு அது சிரிக்கும் வேளையாக இருந்திராது. கையிலே விலங்கும் இடையிலே கயிறும் பூட்டித் தமையனைக் கொண்டுபோனார்கள். அதே விடியலிலே மாணிக்தலாத் தோட்டத்தில் தம்பியும் பிடிபட்டிருந்தார்.

வழக்கு நடத்தப் பணம் வேண்டும். அரவிந்தரிடம் சேமிப்பென்று எதுவுமில்லை. மனைவியோ இளம்பெண். மூத்த தமையனார் மன்னரின் சேவகர். இளைய தமையனார் அரசாங்கக் கல்லூரி ஆசிரியர். எதிர்ப்பக்கத்திலே அரசாங்கம் அமர்த்தியவர் ஏர்ட்லி நார்ட்டன். சென்னையிலே நெடுங்காலம் தொழில் நடத்திப் பெரும்புகழ் ஈட்டிய பாரிஸ்டர் அவர். 1887ஆம் ஆண்டுச் சென்னைக் காங்கிரஸ் மகாசபையிலே முன்னின்று உழைத்த ஆங்கிலேயர். காங்கிரசின் நண்பர் என்று பெயரெடுத்தவரே காங்கிரஸ்காரர் ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்ப வாதாட வந்தது அவ்வழக்கின் விசித்திரங்களுள் ஒன்று.

அந்த நிலையிலேதான் சரோஜினி செய்தார் அச்செயலை. 1908 ஜூன் மாதத்திலே, தம் பெயரைக் கையொப்பமிட்டு, நாட்டு மக்களுக்கு ஒரு விண்ணப்பத்தைப் பெங்காலி என்னும் ஆங்கிலப் பத்திரிகையிலே வெளியிட்டார். தமையன் நாட்டுக்காக வறுமையை விரதமாக ஏற்றவர் என்பதை முதலிலே சொன்னார். அவருடைய அரசியற் கொள்கையை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்காமற் சொன்னார். ஆயினும் அவருடைய கல்வியையும் தியாகத்தையும் ஒழுக்கத்தையும் மதியாதவர் அரியர் என்றார். அந்தத் துணிவைக் கொண்டே பெண்ணாகிய தாம் பாரதத்தின் ஒவ்வொரு மகனிடமும் மகளிடமும், தமக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு சகோதரனைக் காக்க உதவி கேட்டு நிற்பதாக எழுதினார். உதவியை அனுப்பவேண்டிய முகவரி கல்லூரிச் சதுக்கம் 6ஆம் இலக்கம். அது சிறியதாயாரின் கணவர் கிருஷ்ணகுமார மித்திரரின் இல்லம்.

அந்த விண்ணப்பத்தின் வார்த்தைத் திறனை நேயர்கள் சற்றே கவனிக்கவேண்டும். அழுகையில்லை, அரசாங்கத்தின் மீது வசையில்லை. மிதவாதியும் தீவிரவாதியும் ஒருங்கே உதவக்கூடிய வகையிலே, கொள்கையை ஒருபுறம் வைத்து மனிதனை மறுபுறம் வைத்துப் பிரித்துக் காட்டிய நுட்பம் அதிலே இருக்கின்றது. அதை வெளியிட்ட பத்திரிகையே மிதவாதத் தலைவர் சுரேந்திரநாத பானர்ஜியின் பத்திரிகை. 14 ஆண்டுகளுக்கு முன்னே, இன்னும் ஆங்கிலம் கற்றுக்கொள் என்று தமையனாரால் ஊக்கப்பட்ட பெண், அதே ஆங்கிலத்திலேயே அவருடைய உயிருக்காக நாட்டினிடம் பேசினார்.

அந்த ஜூன் மாதத்திலே நம்முடைய கடலின் அக்கரையிலும் இத்தகைய துயரமே நிலவிற்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளை மார்ச் மாதத்திலே கைதாகித் திருநெல்வேலியிலே விசாரணையை எதிர்நோக்கி இருந்தார். ஜூலை 7ஆம் திகதி அவருக்கு இரட்டைத் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது. அவருடைய துணிவைப் பாராட்டி அரவிந்தர் தாம் கைதாகுமுன்னே வந்தேமாதரம் பத்திரிகையிலே எழுதியிருந்தார். கொழும்புத் துறைமுகத்திலே அந்தச் சுதேசிக் கப்பலைக் கண்ட நம் முன்னோர்க்கு வங்கத்து வழக்கு தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றியிராது.

விண்ணப்பத்துக்குப் பலன் கிடைத்தது. பிச்சையெடுத்துச் சேர்த்த ஒரு ரூபாயைக் கண்ணிழந்த ஒருவர் கொடுத்தார் என்றும், ஏழை மாணவன் ஒருவன் தன் சிற்றுண்டியை நிறுத்திக் காசு மிச்சம்பிடித்து அனுப்பினான் என்றும் சொல்லப்படுகின்றது. ஆயினும் வழக்கு நீண்டது. திரண்ட பணம் கரைந்தது. முதலிலே அமர்த்திய பாரிஸ்டர் விலகிக்கொண்டார். அதன் பின்னரே சித்தரஞ்சன தாஸ் வழக்கை ஏற்று, வேறு தொழிலை எல்லாம் ஒதுக்கிவைத்து மாதக்கணக்காக உழைத்தார். பின்னாளிலே தேசபந்து என்று நாடு போற்றிய அவருடைய புகழுக்கு அடியிட்டது அவ்வழக்கு. தாஸின் வாதத்தைச் சரித்திரம் மறக்கவில்லை. அவர் வரும்வரை வழக்கைத் தாங்கி நின்ற நிதியை யார் திரட்டினார் என்பதே மறக்கப்பட்டது.

அந்த ஓராண்டு அக்குடும்பத்துப் பெண்களுக்கு எத்தகைய ஆண்டு! ஆகஸ்ட் மாத இறுதியிலே, அரசாங்கத் தரப்புச் சாட்சியாக மாறிய நரேன் கோஸ்வாமி சிறைக்குள்ளேயே சுடப்பட்டான். சுட்ட இருவருள் சத்தியேந்திரநாத போஸ் என்பவர் ராஜநாராயண போஸின் தம்பி மகன். சரோஜினிக்கு மாமன் முறை. நவம்பர் மாதத்திலே அவர் தூக்கிலிடப்பட்டார். டிசம்பரிலே, நிதி வந்துசேர்ந்த இல்லத்தின் தலைவரான கிருஷ்ணகுமார மித்திரர் விசாரணையேதுமின்றி நாடு கடத்தப்பட்டார். தமையனும் தம்பியும் சிறையிலே. தாயோ நடப்பதை உணரும் நிலையில் இல்லை.

1909 மே 6ஆம் திகதி அலிப்பூர் நீதிமன்றத்திலே தீர்ப்புச் சொல்லப்பட்டது. நீதிபதி பீச்கிராப்ட், அரவிந்தரோடு சிவில் சேர்விஸ் பரீட்சையிலே ஒரே ஆண்டிற் போட்டியிட்டவர். கிரேக்க பாடத்திலே அரவிந்தருக்கு அடுத்த நிலையிலே தேறியவர். அரவிந்தர் குற்றமற்றவர் என்று அவர் விடுதலை செய்தார். பாரீந்திரருக்கு மரணதண்டனை விதித்தார். இரண்டும் ஒரே தீர்ப்பிலே, ஒரே நாளிலே வந்தவை. தமையனை மீட்டுத்தருமாறு நாட்டினிடம் மடியேந்திய சரோஜினிக்குத் தமையன் கிடைத்தார். ரோகிணி வீட்டிலே தாயின் அடிக்குத் தம்மோடு ஒளிந்துகொண்ட தம்பிக்குக் கயிறு காத்திருந்தது. பாரீந்திரர் இங்கிலாந்திலே பிறந்தவராகையால் ஐரோப்பியருக்குரிய விசாரணை முறையைக் கோரலாம் என்று நீதவான் முன்னமே கேட்டிருந்தார். அச்சலுகை வேண்டாமென்று மறுத்தவர் அவர். நவம்பர் மாதத்திலே மேல்முறையீட்டின்போது மரணதண்டனை தீவாந்தர சிட்சையாகக் குறைக்கப்பட்டு, அந்தமான் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

மீண்ட தமையனும் நெடுநாள் தங்கவில்லை. 1910 பெப்ரவரியிலே ஒரு மாலை, கர்மயோகின் பத்திரிகையின் காரியாலயத்தில் இருந்தபோது, மறுபடியும் கைதாகக்கூடும் என்ற தகவல் கிடைத்தது. அரவிந்தர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கங்கைத் துறைக்கு நடந்து, படகேறிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்திரநாகூரை அடைந்தார். பத்திரிகையை நடத்தும்படி சகோதரி நிவேதிதைக்குச் செய்தி அனுப்பினார். அவ்விரவின் கதையைச் சொல்லும் எவரும் சகோதரி நிவேதிதையைக் குறிப்பிடத் தவறுவதில்லை. உடன்பிறந்த சகோதரியைக் குறிப்பிடுபவரோ அரியர். ஏப்ரில் 4ஆம் திகதி அவர் வேற்றுப் பெயரிலே புகைக்கப்பலேறிப் புதுச்சேரியில் இறங்கினார். அங்கே சுப்பிரமணிய பாரதியாரும், பின்னர் வந்த வ. வே. சு. ஐயரும் அவருக்கு உற்ற தோழராயினர் என்பதைத் தமிழ் நேயர்கள் நன்கறிவர். ஒரு குடும்பம் இழந்தவரைத் தமிழகம் பெற்றுக்கொண்டது என்று சொன்னாலும் தகும்.

அரவிந்தர் வங்கத்துக்கு மறுபடியும் திரும்பவேயில்லை. மனைவி மிருணாளினி 1918ஆம் ஆண்டு டிசம்பரிலே, உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சலுக்கு இரையானார். பாரீந்திரர் 1920ஆம் ஆண்டிலே அந்தமானிலிருந்து விடுதலை பெற்றுப் புதுச்சேரிக்குச் சென்று தமையனோடு சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1929ஆம் ஆண்டின் இறுதியிலே கருத்து வேறுபாட்டினால் ஆச்சிரமத்தை விட்டு வெளியேறிப் பத்திரிகைத் தொழிலை மேற்கொண்டார். 1959ஆம் ஆண்டிலே மறைந்தார். தமையனின் வழக்கைத் தாங்கிய தங்கையும், உயிரைப் பணயம் வைத்த தம்பியும், இறுதியிலே அவரவர் வழியே நின்றனர். அரவிந்தர் 1950 டிசம்பர் 5ஆம் திகதி சமாதியடைந்தார்.

துறவியின் துறவைப் பேசுபவர்கள் அவர் விட்டவற்றைக் கணக்கிடுவர்: பதவியை விட்டார், பொருளை விட்டார், மனைவியை விட்டார் என்பர். விடப்பட்டவர் பக்கத்திலே நின்று அக்கணக்கைப் பார்ப்போர் இல்லை. இதைச் சொல்வது அரவிந்தரைக் குறைகூறுவதாகாது. மாதந்தோறும் தாய்க்கும் தங்கைக்கும் பணம் அனுப்பிய ஒரே மகன் அவரே என்பதை முன்னரே கண்டோம். தூக்குக்கயிறா, கடலா என்று நாடு ஒருவனைத் துரத்தும்போது அவன் தங்கையிடம் விடைபெற்று வரவில்லை என்று வழக்குத் தொடுப்பதும் நியாயமாகாது. நூல் எழுதியவர்கள்மீதே குறை உண்டு. புதுச்சேரியிலே அவர் இறங்கிய கரையையும் தங்கிய வீட்டையும் விரித்தெழுதியவர்கள், கல்லூரிச் சதுக்கத்து இல்லத்திலே எஞ்சியிருந்தவர்களை ஒரு வரியிலே கடந்துபோயினர்.

1894ஆம் ஆண்டின் அந்தக் கடிதம் அரவிந்தரின் நூற்றொகுதியிலே இன்றும் அச்சாகி வருகின்றது. அது தங்கை எழுதிய கடிதத்துக்கு மறுமொழியாக எழுதப்பட்டது. தொகுதி அவருடையதாகையால் அவர் எழுதியது மட்டுமே அதில் உண்டு. தங்கை என்ன எழுதினார் என்பதை அவருடைய மறுமொழியைக் கொண்டே ஊகிக்கவேண்டும். கடிதத்தின் கீழே பின்குறிப்பு ஒன்றும் இருக்கின்றது. தம் பெயரைத் தாம் புதுவிதமாக எழுத்துக்கூட்டியிருப்பதன் காரணம் தெரியவேண்டுமானால் மாமாவைக் கேள் என்று அதிலே தங்கைக்குச் சொல்லியிருக்கிறார்.